மங்கும் நடவு வெயிலும்

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படும் ஆண்டுகளில், தஞ்சை வட்டாரமெங்கும் குறுவை நடவு சுறுசுறுப்படையும். நாள் முழுதும் குனிந்து நாற்று நடும் பெண்களின் முகத்தில் நேர் வெயிலோடு, வயல் நீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் ஓரளவு படுகிறது. கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்பாகப் படரும் மங்கு அதனால் மேலும் கறுக்கிறது. கர்ப்ப காலம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவையும் மங்குக்குக் காரணங்களே.

இதற்குக் கெமிக்கல் பீல் செய்துகொள்ளலாமா என்று பலர் வினவுகின்றனர். பூச்சு மருந்துகளால் போதிய பலன் கிட்டாதபோது செய்துகொள்ளலாம். அமிலக் கரைசலை அளந்த நேரம் முகத்தில் தடவி, தோலின் மேலடுக்கை உரியச் செய்வதே இம்முறை. பெரிதும் பயன்படும் கிளைகாலிக் அமிலம் கரும்பிலும் உள்ளது. (அதற்காகக் கரும்புச் சாற்றையோ எலுமிச்சையையோ முகத்தில் தேய்க்க வேண்டா!) சில நிமிடங்களில் அதன் வீரியத்தைச் சோடியம் பைகார்பனேட் கரைசலால் மருத்துவர் முறித்துவிடுவார். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

நம் மாநிறத் தோலுக்கு இதில் ஓர் இடர் உண்டு. அமிலம் ஆழமாக இறங்கினாலோ, உரிந்த தோலில் வெயில் பட்டாலோ, முன்னிருந்ததைவிடக் கருமை மிகக்கூடும். ஆகவே மேலோட்டமான பீலே நமக்கு ஏற்றது. சில வாரங்கள் முன்பிருந்தே சன்ஸ்கிரீன் பூசி வர வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் நாட்களில் சிகிச்சையைத் தொடங்காதிருப்பதே நலம். சம்பா அறுவடை முடிந்து வேலை ஓய்ந்தபின் வாருங்கள். அதுவும் வெயில் காலந்தானே எனலாம். வீட்டு நிழலில் இருக்க இயலுமெனில் மாதம் பெரிதன்று.

பூசிவரும் கிரீமை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிவப்பழகு தருமென்று வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. இத்தகைய 14 பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் மத்திய அரசு விதித்தும் இப்பழக்கம் நீங்கவில்லை. ஸ்டீராய்டினால் மெலிந்த தோலில் அமிலம் அளவு கடந்து இறங்கிவிடும். அந்தக் குழாயையே கையோடு எடுத்து வாருங்கள். கர்ப்பம், ஆஸ்பிரின் ஒவ்வாமை, உதட்டோரம் அடிக்கடி வரும் கொப்புளம் ஆகியவற்றையும் சொல்லிவிடுங்கள்.

மங்கு குறையும், அறவே மறையும் என உறுதி கூற இயலாது. வெயிலில் அலைந்தால் திரும்பவும் வரும். பீல் செய்த ஒரு வாரம், உரியும் தோலைப் பிய்க்காமல் வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். கொப்புளமோ தணியாத எரிச்சலோ கண்டால் அடுத்த முறைக்குக் காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள்.