ஆன்லைன் கல்வி: நம் பிள்ளைக்குப் பொருந்துவது எது?

மொபைலைத் திறந்தாலே "முதல் மாதம் இலவசம்" என்று ஏதாவது ஒரு ஆன்லைன் வகுப்பின் விளம்பரம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்துவிட்டான் என்பதற்காக நாமும் பணம் கட்டிவிடுகிறோம். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி படிப்பதில்லை. எனவே முதலில் வகைகளைத் தெரிந்துகொள்வோம்.

நேரலை வகுப்பு: குறித்த நேரத்தில் ஆசிரியர் வருவார், சந்தேகத்தை அப்போதே கேட்கலாம். தானாக உட்கார்ந்து படிக்காத பிள்ளைக்கு இது ஏற்றது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூறு பேர் இருந்தால் நம் பிள்ளை வாய் திறக்கவே வாய்ப்பிருக்காது. குர்ஆன் ஓதப் பழக வேண்டுமானால், சிலரே உள்ள நேரலை வகுப்புதான் சரி. உச்சரிப்புப் பிழையை ஆசிரியர் காதால் கேட்டுத் திருத்த வேண்டும். வீடியோவுக்கு அது முடியாது.

பதிவு செய்யப்பட்ட பாடம்: நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கும், வாப்பா வேலையிலிருந்து வந்த பிறகுதான் மொபைல் கிடைக்கும் வீட்டுக்கும் இது உதவும். இதற்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள க்யூஆர் கோடு, திக்‌ஷா தளம், 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஆகியவை இலவசமே.

பயிற்சிச் செயலி: படித்ததைச் சோதித்துப் பார்க்க நல்லது. புதிய பாடத்தைப் புரியவைக்க இது மட்டும் போதாது.

நேரமும் முக்கியம். மத்திய கல்வி அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு நேரலை வகுப்புகளே போதும் என்றது. பள்ளி முடிந்து களைத்து வரும் பிள்ளையை மேலும் மூன்று மணி நேரம் திரைமுன் உட்கார வைப்பதில் பயனில்லை.

இன்னொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். "பெண் பிள்ளைதானே, பள்ளியை நிறுத்திவிட்டு ஆன்லைனில் படிக்கட்டும்" என்ற பேச்சு சில வீடுகளில் இருக்கிறது. செயலி தரும் சான்றிதழ் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஆகாது. அதை வைத்துக் கல்லூரியில் சேர முடியாது. பள்ளியிலேயே தொடர்வதுதான் முதல் வழி. அதற்கு வழியே இல்லாதபோது, 1989-இல் நிறுவப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவு செய்து 10, 12-ஆம் வகுப்புத் தேர்வுகளை எழுதலாம். அது மத்திய அரசின் கல்வி வாரியம்.

பணம் கட்டும்போது நிதானம் தேவை. கணக்கிலிருந்து பணம் தானாகப் பிடிக்கப்படும் ஏற்பாட்டைத் தவிர்க்குமாறும், விதிமுறைகளைப் படித்துவிட்டே சம்மதிக்குமாறும் அமைச்சகம் 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. ஒரு வருடக் கட்டணத்தைத் தவணைக் கடனாக மாற்றித் தருகிறோம் என்றால், பிள்ளை பாதியில் நிறுத்தினாலும் தவணை நிற்காமல் போகலாம். பணத்தைத் திருப்பித் தரும் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இலவச நாட்களில் ஒரு வாரம் படிக்கவிட்டு, அன்றன்று படித்ததை உம்மாவிடமோ தம்பியிடமோ சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் அந்த முறை பொருந்துகிறது. முடியாவிட்டால் வேறு முறையைப் பாருங்கள். முடிவெடுக்கும் முன் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், படிக்கப்போவது அவர்கள்தான்.