அடுத்த பெட்டிக்குப் போ!

கூட்டம் நிறைந்த ரயில் பெட்டியில் பிரயாணம் செய்தவர்களுக்கு ஒரு விசித்திர அநுபவம் ஏற்பட்டிருக்கும். ஒரு ஸ்டேஷனில் ஒருவர் மூட்டை முடிச்சுகளுடன் ஓடி வருகிறார். "ஐயா, கொஞ்சம் இடம் கொடுங்கள், நின்றுகொண்டாவது வருகிறேன்" என்று கெஞ்சுகிறார். எப்படியோ உள்ளே நுழைந்தும் விடுகிறார். அடுத்த ஸ்டேஷன் வருகிறது. வாசலை மறித்துக்கொண்டு, "இங்கே இடமில்லை, அடுத்த பெட்டிக்குப் போ!" என்று எல்லோரையும்விட உரக்கக் கூவுகிறவர் யார்? சற்று முன் கெஞ்சிய அதே மனிதர்தான்!

ஒரு பெரிய தேசத்தின் நூறு வருஷத்துச் சரித்திரமே இந்த ரயில் பெட்டிக் கதையாக நடந்திருக்கிறது என்றால் நேயர்கள் வியப்படையலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளைத்தான் சொல்கிறோம். அந்நாட்டின் பூர்வ குடிகளிடம் யாரும் இடம் கேட்டு உள்ளே வரவில்லை. ஆயினும், முதலில் வந்தவர்களின் சந்ததியார் தங்களையே "சுதேசிகள்" என்று அழைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களை அந்நியர் என்றார்கள்.

முதலில் அகப்பட்டவர்கள் ஐரிஷ்காரர்கள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பைபிளைப் படிப்பது என்ற சச்சரவு முற்றி, 1844-ம் வருஷம் பிலடெல்பியா நகரில் பெருங் கலகம் மூண்டது. இரண்டு கத்தோலிக்கக் கோயில்கள் எரிந்து சாம்பலாயின. அதற்கு அடுத்த வருஷம் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. சுமார் பத்து லட்சம் ஜனங்கள் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டனர். உயிர் பிழைத்தவர்களில் லட்சக் கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, கால்வாய் வெட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள், ரஸ்தா போட்டார்கள். அதே சமயத்தில் யந்திரசாலைகள் பெருகி, கைத்தொழிலாளரின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. யந்திரத்துடன் சண்டை போட முடியுமா? பக்கத்தில் நின்ற ஏழை அந்நியன் மேல் கோபம் பாய்ந்தது. 1850-ம் வருஷத்தை ஒட்டி இரகசியச் சங்கமாகத் தோன்றி, விரைவிலேயே அரசியல் கட்சியாக வளர்ந்தது ஓர் இயக்கம். அதன் அங்கத்தினர்கள் யார் கேட்டாலும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றே பதில் சொல்ல வேண்டும். ஆகவே, "ஒன்றும் தெரியாதவர் கட்சி" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது! குடியேறியவர் இருபத்தொரு வருஷம் காத்திருந்த பிறகே பிரஜையாகலாம் என்பது அவர்களுடைய கோரிக்கை.

பிறகு மேற்குக் கரைக்கு வருவோம். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதைக்குக் கலிபோர்னியாப் பக்கம் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை. 1865 முதல் கம்பெனியார் சீனரைக் கூட்டங் கூட்டமாக வேலைக்கு அமர்த்தினார்கள். ஸியரா நெவாடா மலையின் கருங்கல்லை வெடிமருந்தால் பிளந்து, பனிச்சரிவில் உயிரைக் கொடுத்துச் சுரங்கப் பாதை அமைத்தவர்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்ட சீனர்கள். வெள்ளையருக்குக் கூலியோடு சாப்பாடும் உண்டு. சீனருக்கோ கூலியும் குறைவு, சாப்பாடும் சொந்தச் செலவு. 1867-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனியார் உணவு வருவதையே நிறுத்தி அவர்களைப் பணிய வைத்தார்கள்.

1869-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி பாதை பூர்த்தியாயிற்று. 1873-ல் வியாபாரம் மந்தமாகி, எங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். 1877-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில், "சீனர்கள் வெளியேற வேண்டும்!" என்று ஒரு வண்டிக்காரர் மேடை மேடையாக முழங்கினார். அவர் பெயர் டெனிஸ் கியர்னி. பிறந்த ஊர்? அயர்லாந்திலுள்ள கார்க்! ரயில் பெட்டி மனிதரை நேயர்கள் அடையாளம் கண்டுகொண்டிருப்பார்கள்.

1882-ல் சீனத் தொழிலாளர் நாட்டிற்குள் வருவதையே சட்டம் தடுத்துவிட்டது. 1885-ல் வையோமிங் பிரதேசத்தின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்கத்தில் இருபத்தெட்டுச் சீனர்கள் கொலையுண்டார்கள். தாக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களே ஐரோப்பாவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். ஒருவரும் தண்டனை பெறவில்லை. அதற்கு அடுத்த வருஷந்தான் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவியின் சிலை விளக்கை உயர்த்தி நின்றது!

அப்புறம் இத்தாலியர், போலந்துக்காரர், யூதர் ஆகியோரின் முறை. 1907-ல் மட்டும் பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். எஃகுச் சாலைகளுக்கும் தையற் சாலைகளுக்கும் அவர்களுடைய கைகள் வேண்டியிருந்தன, முகங்கள்தாம் வேண்டியிருக்கவில்லை. 1924-ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். 1890-ம் வருஷத்து ஜனக்கணக்கை எடுத்துக்கொண்டு, அப்பொழுது எந்த நாட்டில் பிறந்தவர் எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் நூற்றுக்கு இரண்டு வீதமே அந்நாட்டாருக்கு வருஷந்தோறும் இடம் என்றார்கள். ஏன் அவ்வளவு பழைய கணக்கு? அந்த வருஷத்தில் இத்தாலியரும் யூதரும் வெகு சிலரே!

நம்மவர்கள் தப்பினார்களா? 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாகாணத்துப் பெல்லிங்ஹாம் நகரில், மர ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபிகளை ஒரு பெருங் கூட்டம் அடித்து ஊரை விட்டே துரத்திற்று. பிறகு நியாயஸ்தலத்திலும் ஒரு நாடகம் நடந்தது. வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சத்தாருமே பிரஜையாகலாம் என்பது அக்காலத்துச் சட்டம். 1922-ல் ஓஸாவா என்ற ஜப்பானியரிடம், "உமது தோல் வெளுப்புத்தான், ஆனால் நீர் அந்த இனத்தவர் அல்லர்" என்ற கருத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. அமெரிக்கப் படையில் சேவை செய்த பகத்சிங் திண்டு என்ற சீக்கியருக்கோ, மூன்றே மாதங்களில், "நீர் அந்த இனமாகவே இருக்கலாம், ஆனால் சாமானிய மனிதன் உம்மை வெள்ளையர் என்று ஒப்பமாட்டான்" என்பதே பதில்! முன்னமே பிரஜையாகியிருந்த இந்தியர் பலரும் அவ்வுரிமையை இழந்தார்கள்.

இத்தீர்ப்பைப் படிக்கையில் நமது ரத்தம் கொதிக்கிறது. ஆனால், நியாயஸ்தலத்தில் திண்டின் சார்பில் கூறப்பட்ட வாதம் என்ன? தாம் ஆரிய வம்சம், உயர்ந்த ஜாதி ஹிந்து, ஆதலால் வெள்ளையரே என்பதுதான். ஜாதியின் பெயரால் எத்தனையோ பேருக்கு நாம் சாத்திய கதவை, அங்கே சாவி என்று எண்ணி நீட்டினோம். அந்தச் சாவி அந்தப் பூட்டில் சேரவில்லை.

1943-ல் சீனருக்கும், 1946-ல் இந்தியருக்கும் கதவு சிறிது திறந்தது. இந்தியருக்கு வருஷம் நூறு பேர்! தேசவாரியான அந்தக் கணக்கே 1965-ம் வருஷத்துச் சட்டத்தினால்தான் ஒழிந்தது. அதன் பிறகு நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்நாட்டில் சென்று குடியேறியிருக்கிறார்கள்.

அவர்களுக்கும், இங்கே ஊர் விட்டு ஊர் வரும் கூலிக்காரரைக் காணும் நமக்கும் சொல்லத் தக்கது ஒன்றே. அடுத்த ஸ்டேஷன் வரும்போது, சற்று ஒதுங்கி உட்கார்ந்தால் இன்னும் ஒருவருக்கு இடம் உண்டு.