டீசலில் மின்னிய அரப்பொடி



"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பார்கள். டீசல் காருக்குள் புகும் இரும்புத் துகளுக்கும் இது பொருந்தும். சென்ற விடுமுறையில் திண்டுக்கல்லில் ஒரு பட்டறைக்கு இன்பிளான்ட் டிரெய்னிங் போனபோது கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

கொடைக்கானல் சவாரி ஓட்டும் ஒரு டாக்சி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது இழுவை இல்லாமல் நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்தார்கள். கொஞ்ச நாள் முன்பு மாற்று டிரைவர் தெரியாமல் பெட்ரோல் போட்டிருக்கிறார். "மேல டீசல் ஊத்துனா சரியாப் போயிரும்" என்று அப்படியே ஓட்டியிருக்கிறார்கள்.

ஏன் சரியாகாது? பழைய லாரிகளின் இன்லைன் பம்ப்பில் கேம் சுழலும் பகுதிக்கு எஞ்சின் ஆயில் உண்டு. ஆனால் 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம் கார்களுக்கு வந்த காமன் ரெயில் முறையில், பம்ப்புக்கு உயவு கொடுப்பதும் டீசல்தான். அழுத்தமோ 1600 பார், அதற்கு மேலும் போகும். லாரி டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 200 மடங்கு! பெட்ரோலோ தண்ணீரோ கலந்தால் டீசலின் வழுவழுப்பு போய்விடும். இரும்போடு இரும்பு உரசிப் பொடி உதிரும்.

ஃபில்டர் பிடிக்காதா என்று கேட்கலாம். ஃபில்டர் இருப்பது பம்ப்புக்கு முன்னால். பம்ப்பிலிருந்து உதிரும் பொடி நேரே ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்; இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். மீதிப் பொடி ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பி, மறுபடி சுற்றுக்கு வருகிறது.

தவறான எண்ணெய் போட்டால்தான் பம்ப் கெடும் என்பதும் இல்லை. 2021-ல் அமெரிக்காவில் உயர் அழுத்த பம்ப் பழுதுக்காக 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான ராம் டிரக்குகளைக் கம்பெனியே திரும்ப அழைத்தது.

நம் டாக்சிக்கு வருவோம். பழைய ஃபில்டரில் இருந்த டீசலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினேன். வெயிலில் பிடித்தால் ஜிகினா போல மின்னியது! ஆனால் பம்ப்பும் ஃபில்டரும் மட்டும் மாற்றி வண்டியை அனுப்பிவிட்டார்கள். 'டிரெய்னிங் பையன் நமக்கென்ன' என்று நானும் வாயைத் திறக்கவில்லை. இருபதாம் நாள் வண்டி வெள்ளைப் புகையோடு திரும்பி வந்தது. நான்கு இன்ஜெக்டரும் போச்சு. இரண்டாவது பில் கட்ட அந்த டிரைவர் அண்ணன் வீட்டு நகையை அடகு வைத்தார்.

என் அப்பா பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டுதான். லீவரை ராவி முடித்ததும் அரப்பொடியைத் தட்டி, ஊதி, துணியால் துடைத்த பிறகே தகட்டை மூடுவார். "பொடி உள்ளே கிடந்தா சாவி எத்தனை மாத்தினாலும் பூட்டு சிக்கும்டா" என்பார். சின்ன வயதிலிருந்து கேட்ட பாடம், அன்று என் வாயில் வரவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்?

1. ஃபில்டர் டீசலைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் காகிதம் சுற்றிய காந்தத்தைக் காட்டினால் இரும்புப் பொடி ஒட்டும். அடியில் தனியாகத் தங்குவது தண்ணீர்.

2. மின்னினால் அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கை இறக்கிக் கழுவி, லைன்களைச் சுத்தமான டீசல் விட்டு அலச வேண்டும். ரெயில், உயர் அழுத்தப் பைப்புகளை மாற்றுவதே நல்லது. இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்சில் சோதிக்க வேண்டும்.

3. புதுப் பம்ப்பை வறட்சியாகச் சுற்ற விடாதீர்கள். முதலில் டீசலை ஏற்றிக் காற்றை எடுங்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் ஃபில்டரை மறுபடி திறந்து பாருங்கள்.

4. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளிதானே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

5. டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பல கார்களில் சாவி போட்டதுமே டேங்கில் உள்ள மின் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். தள்ளி நிறுத்தி, டேங்கை வடித்துவிட்டால் சின்னச் செலவோடு போகும்.

6. ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

நண்பர்களே, நாளை நாமும் பட்டறைக்குப் போவோம். முழு வேலையையும் சொன்னால் "இவ்வளவு செலவா?" என்று வண்டிக்காரர் முகம் சுளிக்கலாம். இருந்தாலும் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துக் காட்டுங்கள். டிரெய்னிங் பையனாக இருந்தாலும், கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதன் விலையை வேறொருவர் கட்டினார்.