தோள்பட்டையில் சுண்ணாம்புப் படிவு



காலையில் கடை ஷட்டரைத் தூக்கக் கையை உயர்த்துகிறோம். தோள்பட்டையில் உயிர் போகும் வலி. மேல்தட்டு டப்பாவை எடுக்க முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை. மூட்டை தூக்கியதால் வந்த சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்து விடுகிறோம். எனக்கும் 55 வயதில் இப்படித்தான் வந்தது. ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்ததில், தோள் எலும்புக்கு மேலே அரிசி மணி போல ஒரு வெள்ளைப் படிவு தெரிந்தது.

தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதிக்குத் தசைநாண் என்று பெயர். அதில் கால்சியம் உப்பு நுண்ணிய படிகங்களாகச் சேர்வதே இந்நோய். இது தோளில்தான் அதிகம். இடுப்பு, மணிக்கட்டு ஆகிய இடங்களிலும் வரலாம். 30 முதல் 60 வயதுக்குள் மிகுதி. சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

பால், கேழ்வரகு, கீரை சாப்பிடுவதால் இது வருவதில்லை. நான் இரண்டு மாதம் பாலையும் தயிரையும் நிறுத்தியது வீண். மூட்டை தூக்குவதுதான் காரணம் என்றும் நிரூபணமாகவில்லை.

படிவு பல மாதங்கள் வலியின்றியே இருக்கலாம். உடல் தானாகவே அதைக் கரைக்கத் தொடங்கும்போதுதான் வீக்கம் கண்டு வலி உச்சத்துக்குப் போகிறது. அதாவது, சரக்கு உள்ளே வரும்போது சத்தமில்லை. வெளியே போகும்போதுதான் ஆர்ப்பாட்டம்! பெரும்பாலோர்க்கு இது நாளடைவில் தானே குணமாகிவிடும்.

அதுவரை டாக்டர் சொல்லும் மாத்திரை, ஐஸ் ஒத்தடம், பிசியோதெரபி போதும். நாமாகவே வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. கையை முறுக்கி இழுத்துச் சுளுக்கு எடுப்பது கூடாது. கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். குறையாவிட்டால் ஸ்கேன் பார்த்தபடி ஊசி மூலம் படிவைக் கழுவி எடுக்கிறார்கள். அதிர்வலைச் சிகிச்சையும் உண்டு. ஆபரேஷன் வெகு சிலருக்கே தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கை. தோள்வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சலுடன் மூட்டு சிவந்து வீங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடையைப் பூட்ட மனமில்லாமல் நான் ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். தாங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.