முதுகில் சுமந்த நினைவு: ஏலமலை முதுவர் வாய்மொழி மரபு

ஓருடல் அழிந்த பின்னும் அதன் நினைவுகளை அடுத்த உடலுக்குக் கடத்தும் மனிதச் சாயல் கொண்ட இனத்தை மிகுபுனைவு இலக்கியம் படைத்துள்ளது. மூலன் என்னும் இடையனின் உடலுள் திருமூலர் புகுந்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. இவ்விரண்டிலும் உடல் மாறுகிறது, நினைவு மாறுவதில்லை.

போடிநாயக்கனூரை ஒட்டிய ஏலமலைச் சரிவுகளில், குரங்கணியை அடுத்த முதுவாக்குடி உள்ளிட்ட குடியிருப்புகளில் வாழும் முதுவர்களின் மரபு இதனின் வேறுபட்டது. தம் முன்னோர் மதுரையிலிருந்து குடிபெயர்ந்தனர் என்னும் நினைவை அவர்கள் தலைமுறைதோறும் கையளித்து வருகின்றனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பும் இதனைக் குறிப்பிடுகிறது. முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் எனப் பெயர் பெற்றனர் என்பது வழக்கு. சுமந்தது குழந்தைகளை என்பர் சிலர். மீனாட்சியின் திருவுருவத்தை என்பர் வேறு சிலர்.

மதுரை, முதுகு, மலையேற்றம் ஆகிய மூன்றும் நிலைத்திருக்க, சுமை மட்டும் மாறுவது கருதத்தக்கது. சொல்பவர் நினைவின் கொள்கலன் அல்லர். அதன் ஆக்கத்தில் பங்கேற்பவர். ஆதலின் இவ்வேறுபாட்டைப் பிழையெனக் கொண்டு ஒற்றை மூலவடிவம் தேடுதல் பொருந்தாது. ஒரு வடிவத்தை மட்டும் அச்சேற்றினால் ஏனையவை அவற்றைச் சொன்ன முதியோருடனேயே மறையும். ஒவ்வொரு கூற்றையும் அது சொல்லப்பட்ட இடம், சூழல் ஆகியவற்றோடு பதிவுசெய்வதே களஆய்வாளரின் கடமையாகும்.