குழம்பா, பொரிச்சதா, புட்டா?

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே இருக்கிறது அக்காள்மடம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடல் மீனும் ஒரே தெருவுக்கு வந்து சேரும் ஊர். இங்கே மீன் சாப்பிடலாமா என்று யாரும் மருத்துவரிடம் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். ஆனால் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ள ஒருவர், "கறி பக்கமே போறதில்ல, மீன் மட்டும்தான்" என்று பெருமையாகச் சொன்னால், பாதிதான் சொல்லியிருக்கிறார் என்று பொருள். எப்படிச் சமைத்த மீன் என்பது மீதிப் பாதி. ஒரே விளைமீன் புளிக்குழம்பில் வெந்தால் ஓர் உணவு, எண்ணெயில் முங்கி எழுந்தால் வேறு உணவு, உப்பேறிக் காய்ந்தால் இன்னொன்று.

அடுப்புக்கு முன்னால் ஐஸ்

எந்தச் சமையலாலும் சரிசெய்ய முடியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சூரை, கும்புளா, சூடை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்படி உருவான ஹிஸ்டமின் கொதித்தாலும் அழியாது, பொரித்தாலும் அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்து, வயிற்றாலும் போகும். "சூரை எனக்கு ஒத்துக்காது" என்று பல ஆண்டுகளாக ஒதுக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாதது மீனாக இல்லாமல், அது கரையில் வெறுமனே கிடந்த நேரமாகவும் இருக்கலாம். மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெப்ப நாட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது மீன்வளத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. காலையில் வாங்கிய மீனைப் பதினோரு மணி வரை கூடையிலேயே மூடி வைப்பதைவிட, ஆய்ந்து கழுவி உடனே ஃப்ரிட்ஜில் வைப்பது மேல்.

சட்டிக் குழம்பு

என் கணக்கில் முதல் இடம் இதற்குத்தான். முஸ்லிம் வீடுகளில் ஆணம், மற்ற வீடுகளில் குழம்பு. பக்குவம் வீட்டுக்கு வீடு மாறினாலும் அடிப்படை ஒன்றே. தண்ணீரில் வேகும் மீனின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. அதனால் சதை கருகாது. மீனிலிருந்து இறங்கும் ஒமேகா-3 கொழுப்பும் குழம்பிலேயே தங்கி, சோற்றோடு வயிற்றுக்குள் போய்விடும். புளியின் புளிப்பு பாக்டீரியா பெருகுவதைத் தாமதப்படுத்தும். மீன்குழம்பு மறுநாள் ருசிப்பதற்கு நேரம் காரணம் என்றால், கெடாமல் இருப்பதற்குப் புளியும் ஒரு காரணம். அதை நம்பி இரவு முழுக்க வெளியே வைத்துவிடக் கூடாது. ஃப்ரிட்ஜ் இருந்தால் உள்ளே வையுங்கள். மறுநாள் வெதுவெதுப்பாக்கினால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும்.

குழம்பிலும் விலை குறைந்த மீனே உடம்புக்கு லாபம். சாளை, சூடை, நெத்திலி போன்றவை சிறியவை, கொழுப்புச் சத்து உள்ளவை. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் சேரும். விருந்தாளி வந்தால்தான் சீலா வாங்க வேண்டும், சாளை வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்ற நினைப்பு மருத்துவக் கணக்கில் நிற்காது.

காரல் சொதி வைக்கும் கையைக் கவனித்துப் பாருங்கள். சொரசொரப்பான மண்சட்டியில் காரலைப் போட்டு, கல்லுப்பைத் தூவி, செதிலும் வழுவழுப்பும் போகும்வரை உரசுவார்கள். தண்ணீர் தெளிய நாலைந்து கழுவல். பிறகு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள் போட்ட நீர் கொதித்ததும் மீன் இறங்கும். கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று; கடைசியில் தேங்காய்ப்பால். எண்ணெய் என்று சொல்ல ஒரு சொட்டும் இல்லை. காய்ச்சலில் கிடந்தவருக்கும் பல் போன தாத்தாவுக்கும் இதற்கு மேல் எதைக் கொடுப்பது?

குழம்பில் ஒரே சிக்கல், அது இழுத்துக்கொண்டு வரும் சோறு. சர்க்கரை உள்ளவர்கள் மீன் துண்டைக் கூட்டி, சோற்றைக் குறைக்க வேண்டும்.

பொரிச்ச மீன்

தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க எடுப்பது ஒன்று. வாணலி நிறைய எண்ணெயில் முக்கி எடுப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம். முக்கிப் பொரிக்கும்போது மீனின் நீர் வெளியேற, அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளும். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி கூடினாலே ஏறத்தாழ 120 கலோரி கூடிவிடும். கொழுப்பில்லாத மீன் நூறு கிராமே சுமார் நூறு கலோரிதான். ஆக, மீனைவிட எண்ணெய் அதிகம் கொடுக்கிற சாப்பாடாக அது மாறிப்போகிறது. வாரம் இரண்டு முறை மீன் சாப்பிடச் சொல்லும் அமெரிக்க இதயநலச் சங்கமும், பொரிக்காத மீனைத்தான் சொல்கிறது.

இதைவிட எனக்குக் கவலை, பழைய எண்ணெய். நேற்றுப் பொரித்த எண்ணெயில் இன்று கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றி, நாளை மறுபடியும் அதையே அடுப்பேற்றுவது வீட்டிலும் நடக்கிறது, கடையிலும் நடக்கிறது. திரும்பத் திரும்பச் சூடேறும் எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி வேண்டாம். எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரை தள்ளி, சீக்கிரமே புகைந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வாரத்தில் ஒருநாள், கல்லில், புது எண்ணெயில் பொரியுங்கள். அதற்கு மேல் ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

தணலும் கருவாடும்

கடற்கரையில் சுட்டுத் தின்னும் மீனுக்கு எண்ணெய் வேண்டாம் என்பது நல்ல விஷயம். தீச்சுவாலை நேராகப் படுவதும், சொட்டும் கொழுப்பு புகையாகி மீன்மேல் படிவதும் நல்லதில்லை. கருகிய பகுதியில் புற்றுநோயோடு தொடர்புள்ள வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. தீ அடங்கித் தணலான பிறகு சுட்டு, கருகிய தோலை உரித்துவிட்டால் போதும்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது மீன் விலை ஏறும். கருவாட்டுச் சட்டி அடிக்கடி அடுப்பேறும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. கருவாட்டுக் குழம்பு இருக்கும் நாளில் அந்த அளவு ஒரே வேளையில் தீர்ந்துவிடக்கூடும். வெந்நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைத்தால் ஓரளவு தப்பலாம். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வெந்ததா?

மீனின் உள்ளே 63 டிகிரி சூடு வந்தால் போதும். வெப்பமானி இல்லாவிட்டாலும், சதை கண்ணாடித்தன்மை போய் வெளுத்து, முள்ளிலிருந்து இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது.

பால்சுறாப் புட்டு

கடைசியாக வைத்திருப்பது, சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளும் விஷயம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாவை அவித்து, உதிர்த்து, பூண்டு வெங்காயத்தோடு புட்டு கிண்டிக் கொடுப்பது நம் கரையின் பழக்கம். சமைக்கும் முறையில் குறையே சொல்ல முடியாது. அவித்த மீன், கொஞ்சம் எண்ணெய், நிறையப் பூண்டு. குறை மீனில்தான். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வது. சின்ன மீன்களின் உடலில் துளித்துளியாக உள்ள மெத்தில் பாதரசம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். அவித்தாலும் வதக்கினாலும் அது வெளியேறாது. வயிற்றில் வளரும் சிசுவின் மூளையையும் நரம்புகளையும் அது பாதிக்கும் என்பதால்தான், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. சிறு வயதுப் பிள்ளைகளுக்கும் இதே அறிவுரைதான்.

அதற்காகப் பேறுகாலத்தில் மீனையே நிறுத்திவிடக் கூடாது. புரதமும் ஒமேகா-3யும் அப்போதுதான் அதிகம் தேவை. புட்டுத்தான் வேண்டும் என்றால் அதே பூண்டு, அதே கைப்பக்குவத்தில் சாளையை அவித்து முள்ளெடுத்துச் செய்யலாம். இல்லையா, காரல் சொதி வையுங்கள். பால்சுறா மலிவாகக் கிடைத்த நாளில் வீட்டின் மற்ற பெரியவர்கள் சாப்பிடட்டும். பிள்ளைத்தாய்ச்சியின் தட்டிலும் பிள்ளை பெற்றவளின் தட்டிலும் வைக்காதீர்கள்.