தொண்ணூறில் எடை தூக்கியவர்கள்

பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பத்துப் பேரின் சராசரி வயது 90. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி எடையை உயர்த்த வேண்டும்; தூக்க முடிந்த உச்ச எடையில் முதலில் பாதி, பிறகு 80 சதவீதம். வாரத்துக்கு 3 நாள், மொத்தம் 8 வாரம். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்ற 9 பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடி இல்லாமலே நடக்கத் தொடங்கினார்கள். 1990-இல் வெளியான ஆய்வு இது.

தொடையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தசை கூடியிருந்ததோ வெறும் 9 சதவீதம். அப்படியானால் மிச்ச பலம் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி நரம்பிலிருந்து. தண்டுவடத்தில் இருக்கும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் பல நூறு தசை இழைகளை ஆள்கிறது. வயது ஏற ஏற இந்த அணுக்களில் சில செத்துப்போகின்றன. அனாதையான இழைகளைப் பக்கத்து நரம்பு கிளைவிட்டுத் தத்தெடுத்துக்கொள்ளும்; தத்தெடுக்க யாரும் வராதவை சூம்பிவிடும். இதில் அதிகம் அடிவாங்குபவை வேகமாகச் சுருங்கும் இழைகள். கால் தடுக்கும்போது சட்டென்று அடுத்த காலை முன்னே வைத்து நம்மை விழாமல் காப்பவை அவைதான். கனத்தைத் தூக்கப் பழகும்போது, எஞ்சிய இழைகளைக் கூடுதலாகவும் விரைவாகவும் வேலைக்கு அழைக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. நிதான நடையில் அந்த வேக இழைகளுக்கு அதிகம் வேலை இல்லை. ஆகவே "வாக்கிங் போனால் போதும்" என்பதை நான் அரை அறிவுரை என்றே சொல்வேன். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சியை வாரத்துக்கு 3 நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் எடைப் பயிற்சிதான். எடை நம் உடம்பு.

ஆபத்து பெரும்பாலும் எடையில் இல்லை, தம் கட்டுவதில் இருக்கிறது. இளம் பாடிபில்டர்களின் தமனிக்குள் குழாய் செருகி அளந்த ஓர் ஆய்வில், கால்களால் பெரும் எடையைத் தள்ளும்போது ரத்த அழுத்தம் சராசரியாக 320/250-ஐத் தொட்டது. மூச்சை அடக்கி முக்குவது இந்த ஏற்றத்தை இன்னும் கூட்டும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் தம் கட்டவே முடியாது.

எந்தப் பயிற்சியையும் நிறுத்தும்போது கவனம் வேண்டும். ஓடிய கால் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சை முதுமையில் மந்தம், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலைசுற்றல் இன்னும் எளிதில் வரும். சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பை அதிகம் ஏற விடாது என்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பயிற்சி மிஞ்சிப்போகிறதா என்று அறிய, செய்துகொண்டே பேச முடிகிறதா என்று பாருங்கள். நெஞ்சு இறுகினால் அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை விட்ட 4 வாரத்தில், அவர்களின் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோனது.